ஹிக்கிள்டி-பிக்கிள்டி: எந்தத் தாறுமாறுக்கு எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் ‘ஒழுங்கில்லாமல்’ என்று சொல்ல ஏகப்பட்ட மரபுத்தொடர்கள் இருக்கின்றன. போட்டித் தேர்வுக் கையேட்டைத் திறந்தால் ஹிக்கிள்டி-பிக்கிள்டி, ஹெல்டர்-ஸ்கெல்டர், அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ், டாப்ஸி-டர்வி என்று வரிசையாக வரும். எதிரே எல்லாவற்றுக்கும் ‘இன் டிஸ்ஆர்டர்’ என்று ஒரே விடை. மார்க் வாங்க அது போதும். அதையே ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேசச் சொன்னால்தான் திணறல். செருப்பு சிதறிக் கிடப்பதும், கூட்டம் சிதறி ஓடுவதும், கொத்தனார் வேலையை ஏனோதானோவென்று முடிப்பதும் தமிழில் நமக்கு ஒன்றா? ஆங்கிலத்திலும் ஒன்றில்லை. எது கலைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும்.

இந்தப் பதிவு பெரும்பாலும் ஹிக்கிள்டி-பிக்கிள்டியைப் பற்றியது. அதன் சொந்தபந்தங்கள் பின்னால் வரும். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இந்தச் சொல் கண்ணைவிட வாய்க்கும் காதுக்கும் உரியது, சத்தமாகப் படித்தால்தான் பிடிபடும்.

உச்சரிப்பிலிருந்தே தொடங்கலாம். தமிழில் ‘க்க’ என்று எழுதினால் ‘பக்கம்’, ‘அக்கா’ என்பதுபோல அழுத்திப் படிப்போம். இங்கே அப்படிப் படிக்கக் கூடாது. ‘தங்கம்’ என்னும்போது ‘ங்’குக்குப் பின்னால் ஒரு ‘க’ வருகிறதே, அந்த மெல்லிய ஒலிதான் இரண்டு இடத்திலும். அழுத்திச் சொன்னால் பின்பாதி ‘பிக்கிள்’ ஆகி, ஊறுகாய் ஜாடிக்குள் போய்விடும். அழுத்தம் ‘ஹிக்’கிலும் ‘பிக்’கிலும் மட்டும், ‘கிள்டி’ இரண்டு முறையும் சட்டென்று ஓடிவிட வேண்டும். யாப்பு தெரிந்தவர்கள் அசை பிரித்துப் பாருங்கள்: ஹிக்-கிள்-டி, நேர் நேர் நேர். பிக்-கிள்-டி, அதுவும் நேர் நேர் நேர். இரண்டும் தேமாங்காய். மாங்காய்க்குப் பேர்போன கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு வாய்ப்பாடு மறக்க வழியே இல்லை!

ஆங்கில யாப்பில் இந்த ஓட்டத்துக்கு டாக்டில் என்று பெயர்: ஓர் அழுத்தம், இரண்டு தளர்வு. அடுத்தடுத்து இரண்டு டாக்டில் வருவதால் ஒரு வேடிக்கைப் பாவகையின் பெயராகவே இந்தச் சொல் ஆகிவிட்டது. 1951இல் அமெரிக்கக் கவிஞர் ஆண்டனி ஹெக்ட்டும் பால் பாஸ்கலும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாவகையை டபுள் டாக்டில் என்றும் சொல்வார்கள், ஹிக்கிள்டி-பிக்கிள்டி என்றும் சொல்வார்கள். எட்டே அடிதான். முதல் அடி இதைப் போன்ற பொருளற்ற இரட்டைச் சத்தம், இரண்டாவது அடி யாராவது ஒருவரின் பெயர், பின்பகுதியில் ஓரடி முழுக்க ஆறு அசைகள் கொண்ட ஒற்றைச் சொல். நம் சிலேடை வெண்பாப் பிரியர்களுக்குப் பிடித்துப்போகும் விளையாட்டு.

அடுத்து எழுத்துக்கூட்டல். காதில் விழுவது ‘கல்டி’ என்பதால் பலரும் ‘ஜி, ஜி, இ, எல், டி, ஒய்’ என்று எழுதிவிடுகிறார்கள். சரியானது ஜி, ஜி, எல், இ, டி, ஒய். எல்லுக்குப் பிறகுதான் இ. இரண்டு பாதிக்கும் நடுவே சிறு கோடு போடுங்கள். அது இல்லாமல் அச்சிட்டதும் உண்டு என்றாலும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது கோடு இல்லாவிட்டால் படிப்பவர் இடறுவார்.

பொருளுக்கு வருவோம். ஒரு கல்யாண மண்டபத்து வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடியப்போகிறது. படிக்கட்டுக்குக் கீழே நூறு ஜோடிச் செருப்பு. ஒன்று மல்லாந்து கிடக்கிறது, அதன் ஜோடி மூன்றடி தள்ளி யாருடைய ஷூவுக்கோ அடியில். குழந்தைச் செருப்பு ஒன்று படியின் ஓரத்தில் தொங்குகிறது. ரப்பர் செருப்பின் மேல் தோல் செருப்பு, அதன் மேல் இன்னொன்று. ‘த சாண்டல்ஸ் லே ஹிக்கிள்டி-பிக்கிள்டி அவுட்சைட் த ஹால்’ என்று சொன்னால் அச்சு அசலாகப் பொருந்தும்.

ஏன் பொருந்துகிறது என்று பிரித்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட, எண்ணக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. அவை ஓரிடத்தில் கிடக்கின்றன, அதாவது குலைந்திருப்பது அவற்றின் வைப்பு. அந்த வைப்பில் எந்த வரிசையும் கண்ணுக்குத் தெரியவில்லை. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் சொல் நிற்காது. ‘மை பென் இஸ் லையிங் ஹிக்கிள்டி-பிக்கிள்டி’ என்பது தப்பு. ஒற்றைப் பேனா எப்படி முன்பின்னாகக் கிடக்கும்? கொட்டிக் கிடக்கும் மணலுக்கும் சிந்திய பாலுக்கும் வராது, அங்கே எண்ண ஒன்றுமில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்தடிக்கு ஒன்று கிடந்தால் அதற்கு ‘ஸ்கேட்டர்ட்’ போதும். ஹிக்கிள்டி-பிக்கிள்டியில் நெருக்கம் உண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற குழப்பம் உண்டு.

வீடு, தெரு, கிராமம் போன்றவை ஒருமையாக இருந்தாலும் உள்ளே பல உறுப்புகள் இருப்பதால் ஒப்புக்கொள்ளும். ‘எ ஹிக்கிள்டி-பிக்கிள்டி ஸ்ட்ரீட்’ என்றால் வீடுகள் வரிசை தப்பி, ஒன்று முன்னால் ஒன்று பின்னால், ஒன்று திரும்பிக்கொண்டு நிற்கிற தெரு.

வாக்கியத்தில் எங்கே வைப்பது? வினையடையாக வந்தால் வினைக்குப் பின்னால், செயப்படுபொருள் இருந்தால் அதற்கும் பின்னால்: ‘ஹி த்ரூ த க்ரேட்ஸ் ஹிக்கிள்டி-பிக்கிள்டி இன்டு த லாரி.’ அடைமொழியாக வந்தால் பெயருக்கு முன்னால்: ‘எ ஹிக்கிள்டி-பிக்கிள்டி பைல் ஆஃப் க்ரேட்ஸ்.’ இங்கே ‘ஆன்’ போடக் கூடாது, ‘எ’ தான், ஹ ஒலிக்கிறது அல்லவா. ‘எவ்ரிதிங் வாஸ் ஹிக்கிள்டி-பிக்கிள்டி’ என்று முடிப்பதும் சரி. கடைசியில் ‘லி’ சேர்க்க வேண்டாம், சொல் அப்படியே இரண்டு வேலையும் செய்யும். ‘ஹிக்கிள்டி’யை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துப் பயன்படுத்தவும் முடியாது. ‘தாறு’ என்று மட்டும் சொன்னால் வாழைத்தார் ஞாபகம் வருகிற மாதிரிதான்.

இதோடு இயல்பாகச் சேரும் வினைகள் கொஞ்சம்தான்: லை, பைல், ஹீப், ஸ்டேக், த்ரோ, பார்க், குரோ. பேசுவதோடு சேர்க்காதீர்கள். மேடையில் ஒருவர் தொடர்பில்லாமல் உளறினால் அவர் ‘ஸ்போக் ஹிக்கிள்டி-பிக்கிள்டி’ என்று சொல்வதில்லை, ‘ராம்பிள்ட்’ என்பார்கள். நாம் ‘கன்னாபின்னாவென்று பேசினான்’ என்று சகஜமாகச் சொல்வதால் அந்தத் தப்பு நம்மிடம் கூடுதலாக வருகிறது. அதிலும் நம் ‘கன்னாபின்னா’வில் திட்டுவதும் அடங்கும், ஆங்கிலச் சொல்லில் அந்தக் காரமே கிடையாது.

சொல்லின் வயது நானூறு ஆண்டுக்கு மேல். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுத்தில் வந்துவிட்டது. ‘பிக்’ என்ற ஒலி உள்ளே இருப்பதால், பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடிக்கும் காட்சியிலிருந்து பிறந்திருக்கலாம், ‘ஹிக்கிள்’ எதுகைக்காகச் சேர்ந்திருக்கலாம் என்பது அகராதிகளின் ஊகம். 1755இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் வேறு மாதிரி சொன்னார். ஊர் ஊராகப் போய்க் கோழி, முட்டை, தின்பண்டங்களை வாங்கி விற்கும் சில்லறை வியாபாரிக்கு அன்றைய ஆங்கிலத்தில் ஹிக்லர் என்று பெயர். அவர் கூடையில் எல்லாம் கலந்து குவிந்திருப்பதால் இந்தச் சொல் வந்தது என்று ஜான்சன் எழுதினார். இன்றைய அகராதிக்காரர்கள் பன்றிப் பக்கமே சாய்கிறார்கள். எனக்கென்னவோ ஜான்சனின் கூடைதான் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையிலிருந்து திரும்புகிற வியாபாரியின் டிவிஎஸ்ஸில் இரண்டு பக்கமும் தொங்கும் பைகளைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இந்தச் சொல்லுக்குக் கிடைத்த பெரிய மேடை இரண்டு. சார்லஸ் டார்வின் இயற்கைத் தேர்வு பற்றிய தன் நூலை 1859 நவம்பரில் வெளியிட்டார். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அதை ‘ஹிக்கிள்டி-பிக்கிள்டி விதி’ என்று சொன்னதாக அடுத்த மாதமே டார்வின் காதுக்குப் போயிற்று. அதன் சரியான பொருள் என்னவென்று தனக்குத் தெரியவில்லை, ஆனால் ரொம்பவும் இளக்காரமாகச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் புரிகிறது என்று புவியியலாளர் சார்லஸ் லயலுக்கு டார்வின் கடிதம் எழுதினார். கவனியுங்கள்: ஹெர்ஷலின் புகார் வேகத்தைப் பற்றியோ அரைகுறை வேலையைப் பற்றியோ இல்லை. உயிர்கள் ஒரு திட்டப்படி அமைந்தவை என்று நம்பியவர் அவர். அமைப்பில் திட்டமே இல்லை என்றால் எப்படி என்பதுதான் அவர் எரிச்சல். அதற்கு இதைவிடக் கச்சிதமான சொல் ஆங்கிலத்தில் இருந்திருக்காது.

இரண்டாவது, 1962இல் ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலாளர் இயான் லிட்டில் எழுதிய ஒரு கட்டுரை. தலைப்பே ‘ஹிக்கிள்டி பிக்கிள்டி குரோத்’. பிரிட்டிஷ் கம்பெனிகளின் லாப வளர்ச்சியை எடுத்துப் பார்த்தார். முன்பு வேகமாக வளர்ந்த கம்பெனி பின்பும் வேகமாக வளரும் என்று சொல்ல அந்தக் கணக்குகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. வளர்ச்சி விகிதங்கள் வரிசையே இல்லாமல் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. ‘போன மூணு வருஷமா இந்த ஷேர் ஏறிக்கிட்டே இருக்கு சார்’ என்று யாராவது ஓசூரில் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து பாடம் எடுத்தால், அந்தத் தலைப்பை நினைத்துக்கொள்ளலாம்.

இனி, தமிழர்கள் அதிகம் வழுக்கும் இடம். ஹிக்கிள்டி-பிக்கிள்டி எப்போதும் திட்டுச் சொல் இல்லை. இங்கிலாந்தின் பழைய கிராமங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஹிக்கிள்டி-பிக்கிள்டி காட்டேஜஸ்’ என்று எழுதினால் அது பாராட்டு. அச்சில் வார்த்தது மாதிரி இல்லாமல், தலைமுறை தலைமுறையாகத் தோன்றிய இடத்தில் கட்டிய வீடுகள், கோணல் கூரை, வளைந்த சந்து, அதனால் ஓர் அழகு என்பது உட்பொருள். அதை ‘தாறுமாறாகக் கட்டப்பட்ட வீடுகள்’ என்று மொழிபெயர்த்தால் பஞ்சாயத்து நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். ‘முன்னும் பின்னுமாக நிற்கிற வீடுகள்’ என்றால் போதும். இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய இளைஞர் பேச்சில் ‘தாறுமாறு’ உச்சகட்டப் பாராட்டாகிவிட்டது. ‘படம் தாறுமாறு’ என்பதை ஹிக்கிள்டி-பிக்கிள்டி என்று யாரும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பாராட்டாகச் சொல்லிப் பழக நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பாருங்கள். சையத் பாஷா மலையிலிருந்து பர்கூர்ப் பக்கம் வரை, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைகள். ‘போல்டர்ஸ் பைல்ட் ஹிக்கிள்டி-பிக்கிள்டி ஆன் த ஹில்சைட்’ என்றால் காட்சி அப்படியே கண்முன் வரும். உண்மையில் யாரும் கொட்டவில்லை. மண்ணுக்கடியில் இருந்த பெரும்பாறையில் விரிசல்கள் ஓடி, அந்த விரிசல் வழியே நீர் இறங்கி, கட்டங்களின் மூலைகள் மக்கி உருண்டு, பிறகு சுற்றியிருந்த மண் அரித்துப் போனதும் மிஞ்சிய கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. உருவான விதத்தில் ஒழுங்கு உண்டு, பார்வைக்கு இல்லை. அதனால் சொல்லுக்கு ஆட்சேபம் இல்லை, இது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிற சொல், காரணத்தை விசாரிப்பதில்லை. சந்தையும் அப்படித்தான். வெளியூர்க்காரருக்குக் குழப்பமாகத் தெரியும். வாராவாரம் வருகிறவருக்கு ஆடு எந்தப் பக்கம், தானியம் எந்தப் பக்கம், பழைய இரும்பு எந்த மூலை என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

சந்தையை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்ற தொடர்களையும் அங்கேயே பிரித்துவிடலாம். திடீரென்று கோடை மழை பிடிக்கிறது. ஜனங்கள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விழுந்தடித்து ஓடுகிறார்கள். அது ஹெல்டர்-ஸ்கெல்டர். இங்கே அசைவும் அவசரமும் கட்டாயம். அசையாமல் கிடக்கும் செருப்புக்குப் போட்டால் சுவை குறையும். பிரிட்டனில் திருவிழா மைதானங்களில் ஒரு கோபுரத்தைச் சுற்றிச் சுருளாக இறங்கும் சறுக்குமரம் உண்டு, அதன் பெயரும் இதுதான். வழுக்கிக்கொண்டு வருகிற அந்த வேகத்தை நினைத்தால் சொல் மறக்காது. மழை விட்டதும், ஓடியவர்கள் போட்டுவிட்டுப் போன கூடைகளும் தக்காளி க்ரேட்களும் கிடக்கிற கோலம் ஹிக்கிள்டி-பிக்கிள்டி. ஓட்டம் ஒன்று, ஓட்டத்துக்குப் பின் மிஞ்சிய கோலம் இன்னொன்று.

கடைக்காரருக்குப் போட்ட தகரக் கொட்டகை முதல் காற்றிலேயே பறந்தால் அதைக் கட்டியவர் வேலை ஸ்லாப்டாஷ். நம் ‘ஏனோதானோ’வுக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் இல்லை. குலைந்தது பொருள்களின் இடம் இல்லை, செய்தவரின் அக்கறை. ‘எ ஸ்லாப்டாஷ் ஜாப்’ என்று பெயர்ச்சொல்லோடு சேர்த்தே பழகுங்கள்.

அதே கடைக்காரர் நனைந்த சரக்கு, காணாமல் போன சில்லறை, வராத வண்டி என்று எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் நின்றால் அவர் ‘அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்’. ஆளுக்கும் வரும், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வரும். இரண்டு எண்ணும் பன்மையில், முன்னால் ‘அட்’. தேர்வில் ‘அட் சிக்ஸ் அண்ட் செவன்’ என்று ஒரு பொய் விடை வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. லண்டனில் தையல்காரர் சங்கமும் தோல்வணிகர் சங்கமும் ஊர்வலத்தில் ஆறாவது இடம் யாருக்கு என்று சண்டை போட்டன. 1484இல் மேயர் ஆண்டுக்கு ஒருவர் மாற்றி மாற்றி ஆறும் ஏழுமாக இருங்கள் என்று தீர்த்துவைத்தார். தீர்ப்பு உண்மைதான், ஆனால் தொடர் அதிலிருந்து வந்திருக்க முடியாது. அதற்கு நூறு ஆண்டு முன்பே, 14ஆம் நூற்றாண்டில், கவிஞர் சாசர் ‘சிக்ஸ் அண்ட் செவன்’ என்று எழுதிவிட்டார். பகடை விளையாட்டிலிருந்து, துணிந்து எல்லாவற்றையும் பணயம் வைக்கும் பொருளில் வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்.

ஹிட்-ஆர்-மிஸ்ஸை கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மானாவாரி நிலத்தில் ராகியும் சாமையும் கொள்ளும் விதைக்கிறவர்கள் நாம். மழை வந்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் விதையும் போச்சு. ‘ரெயின்ஃபெட் ஃபார்மிங் இஸ் எ ஹிட்-ஆர்-மிஸ் அஃபேர்’ என்பது ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாத நிஜம். இங்கே குலைந்திருப்பது பலன். விவசாயி ஒழுங்காக உழுது, சால் பிடித்து விதைத்திருக்கலாம், நிலத்தைப் பார்த்தால் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கலாம், ஆனாலும் ஹிட்-ஆர்-மிஸ்தான். எதிர்பாராத தன்மை இருந்தால் மட்டுமே இந்தத் தொடர் செல்லும். மாமரம் ஒரு வருடம் கொட்டிக் காய்த்துவிட்டு மறுவருடம் ஓய்ந்து நிற்பதைப் பலர் ஹிட்-ஆர்-மிஸ் என்று எழுதுகிறார்கள். அது ஒருவிட்டு ஒரு வருடம் வருகிற முறை, முறை தெரிந்தால் ஹிட்-ஆர்-மிஸ் கிடையாது. நம் பெங்களூரா ரக மாமரமோ ஓரளவு ஆண்டுதோறும் காய்ப்பது, அதற்கு இரண்டுமே பொருந்தாது. மாம்பூ பூக்கிற நேரத்தில் மழை பெய்து பூ கருகுமா, தப்புமா என்பது வேண்டுமானால் ஹிட்-ஆர்-மிஸ்.

பேச்சில் நாம் மானாவாரியை வேறு மாதிரியும் போடுவோம்: ‘மானாவாரியா செலவு பண்றான்’, ‘மானாவாரியா அடிச்சுட்டாங்க’. அதாவது கணக்கு வழக்கில்லாமல், பார்த்த இடத்தில் எல்லாம். இதற்கு ஹிட்-ஆர்-மிஸ்ஸும் வராது, ஹிக்கிள்டி-பிக்கிள்டியும் வராது. ‘ரைட் அண்ட் லெஃப்ட்’ அல்லது ‘இன்டிஸ்கிரிமினேட்லி’ பக்கம் போங்கள்.

ஹேப்ஹேஸர்ட் என்ற சொல்லில்தான் உண்மையான தகராறு இருக்கிறது. முதல் தகராறு உச்சரிப்பு. நடுவில் பியும் எச்சும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்து ‘ஹஃபஸார்ட்’ என்று படிக்கிறவர்கள் ஏராளம். இது ‘ஹேப்’ என்ற சொல்லும் ‘ஹேஸர்ட்’ என்ற சொல்லும் ஒட்டியது. இரண்டாவது ஹ நன்றாகக் கேட்க வேண்டும். ‘ஹேப்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் அதிர்ஷ்டம், தற்செயல். ஹேப்பன், ஹேப்பி, பெர்ஹேப்ஸ், மிஸ்ஹேப் எல்லாம் அந்தக் குடும்பம். ‘ஹேஸர்ட்’ ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். மிஸ்ஹேப்பை ‘மிஷாப்’ என்று படிப்பதும் இதே வியாதிதான்.

இரண்டாவது தகராறு, ரேண்டமும் ஹேப்ஹேஸர்டும் ஒன்று என்ற நினைப்பு. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைக்கு ஒரு லாரி பெங்களூரா வருகிறது என்று வையுங்கள். தரம் பார்க்க வருகிறவர் மேலே கையை விட்டு, கைக்கு எட்டிய க்ரேட்டிலிருந்து நாலைந்து காயை எடுத்தால் அது ஹேப்ஹேஸர்ட். திட்டம் இல்லை என்பது மட்டும் அதன் குணம். ஆனால் கை எப்போதும் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்கும், கண் நிறம் பிடித்த காயைத்தான் தேடும், ஏற்றியவருக்கும் மேலடுக்கில் எதை வைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். எல்லா க்ரேட்டுக்கும் ஒன்று முதல் எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணை இறக்கி அதிலிருந்து எடுத்தால் அது ரேண்டம். ஒவ்வொரு க்ரேட்டுக்கும் சம வாய்ப்பு, அதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். அதாவது ரேண்டம் என்பது கறாரான ஒழுங்கு. கணக்குத் தணிக்கைக்கான சர்வதேசத் தரநிலை 530இல் ‘ஹேப்ஹேஸர்ட் செலக்‌ஷன்’ என்று ஒரு முறையே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. தணிக்கையாளர் வரிசை எதுவும் இல்லாமல் பில்களை எடுக்கலாம், ஆனால் தேடக் கஷ்டமான பில்லைத் தவிர்ப்பது, பக்கத்தின் முதல் வரியை மட்டும் எடுப்பது போன்ற சாய்வு வரக் கூடாது. புள்ளியியல் முறைப்படியான மாதிரிக்கு அது பொருந்தாது என்றும் அதே தரநிலை சொல்கிறது. பி.காம். பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்தில் ஹேப்ஹேஸர்ட்தான் பாதுகாப்பான சொல். தருமபுரி பஸ் ஸ்டாண்டு வாசலில் டூவீலர்கள் நிற்கிற விதத்தைப் பற்றிக் கலெக்டருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினால் ‘ஹேப்ஹேஸர்ட் பார்க்கிங்’ என்று எழுதுங்கள், நம் ஆங்கிலப் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதும். மனுவில் ஹிக்கிள்டி-பிக்கிள்டி வந்தால் படிக்கிறவர் சிரித்துவிடுவார். அந்தச் சொல்லுக்குள் குழந்தைப் பாட்டின் துள்ளல் இருக்கிறது. அதே காரணத்தால் விபத்து, சாவு, வெள்ளம் பற்றிப் பேசும்போது பக்கத்திலேயே வரக் கூடாது. நெடுஞ்சாலையில் மோதிய வண்டிகள் ‘ஹிக்கிள்டி-பிக்கிள்டி’யாகக் கிடந்தன என்று எழுதுவது இலக்கணப்படி சரி, மனுஷத்தனப்படி தப்பு. நண்பருக்கு வாட்ஸ்அப், வலைப்பூ, பயணக் குறிப்பு, குழந்தைகள் கதை ஆகியவற்றில் தாராளமாகப் போடலாம். இது பிரிட்டிஷ் காதுக்குப் பழகிய சொல். அமெரிக்கர்களுக்குப் புரியும் என்றாலும் அவர்கள் வாயில் ‘எவ்ரி விச் வே’, ‘ஆல் ஓவர் த ப்ளேஸ்’ என்பவையே சகஜம்.

கடைசியாக வில்லி-நில்லி. இதற்கு இரண்டு பொருள், இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. ‘வில்’ என்றால் விரும்புதல், பழைய ஆங்கிலத்தில் ‘நில்’ என்றால் விரும்பாமல் இருத்தல். ஆக முதல் பொருள், ‘விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்’: ‘த வில்லேஜர்ஸ் ஹேட் டு மூவ், வில்லி-நில்லி.’ பின்னால் வந்த பொருள் ‘முறை, யோசனை எதுவும் இல்லாமல்’: ‘டோன்ட் கட் ட்ரீஸ் வில்லி-நில்லி.’ முதலாவதில் குலைவது ஒருவருடைய சம்மதம், இரண்டாவதில் தீர்மானம். இன்றைய பேச்சில் இரண்டாவதுதான் அதிகம் கேட்கிறது. வழிகாட்டி நூல்களோ முதல் பொருளை விடுவதில்லை. அதனால் தேர்வில் வாக்கியம் கொடுத்திருந்தால் அதைப் படித்து, கட்டாயம் தொனிக்கிறதா, கண்டபடி செய்வது தொனிக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். வாக்கியமே இல்லாமல் சொல்லை மட்டும் கொடுத்து, இரண்டு பொருளையும் விடைகளில் வைத்திருந்தால், ‘விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்’ என்பதில் டிக் அடிப்பது மேல்.